வேல் பொறித்த மணிக்கூடு

எனக்கு மணிக்கூடு அனுப்புகிறவர்களில் பாதிப்பேர் அதை மினுக்கித் தரச்சொல்லிக் கேட்கிறார்கள். எண்பது வருடப் பழைய கைமணிக்கூட்டை மினுக்கினால் நன்றாகத்தான் மினுங்கும். ஆனால் அதற்குப் பிறகு அது எண்பது வருடப் பழைய மணிக்கூடு இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நொந்துவிட்டது. அதனால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட, போட்டோக்கொப்பிக் கடைக்கு மேலே இருக்கும் என் அறைக் கதவில் "மினுக்குவதில்லை" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். பல்கலைக்கழகப் பிள்ளைகள் அதை வாசித்துச் சிரித்துவிட்டுப் படியிறங்குகிறார்கள். சிரிக்கட்டும்.

நான் திருத்துவது பழைய இராணுவ மணிக்கூடுகளை மட்டும்தான். இரண்டு உலகப் போர்களிலும் சிப்பாய்களின் கையில் கிடந்தவை. சுவிசில் ஒரு பட்டறையில் பதினொரு வருடம் இந்த வேலை பார்த்தேன். குருநகருக்குத் திரும்பி வந்த பிறகு, சுவிசில் என்னைத் தெரிந்த சேகரிப்பாளர்கள் வருகிறவர் போகிறவரிடம் கொடுத்தனுப்பத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரும் என்னிடம் இப்படியொன்றைக் கொண்டுவந்ததில்லை. இத்தனை வருடம் சண்டைக்குள் கிடந்த ஊரில் இராணுவ மணிக்கூட்டை யார் ஆசையாக வைத்திருக்கப் போகிறார்கள்? எனக்கே சில நாள் அவற்றைப் பார்க்க அலுப்பாக இருக்கும். எல்லாம் யாரோ ஒருவன் சாகப் பயந்துகொண்டு நேரம் பார்த்த மணிக்கூடுகள்.

ஆகவே போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், அறுபத்தெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மூச்சிரைக்க மாடிப்படியேறி வந்து, சிவப்புப் பட்டுத்துணி முடிச்சொன்றை என் மேசையில் வைத்தபோது, உள்ளே சாதாரணக் கலியாண மணிக்கூடுதான் இருக்கும் என்று நினைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"தம்பிதானே கிறிஸ்ரோபர்? நான் குணலட்சுமி. இணுவிலிலையிருந்து வாறன். இதைத் திங்கக்கிழமைக்கு முதல் ஓடப்பண்ணித் தரவேணும். மினுக்க வேண்டாம்."

மினுக்க வேண்டாம் என்று ஒருவர் வாய்திறந்து சொன்னதைக் கேட்டு எனக்கு அவரில் உடனே ஒரு மரியாதை வந்தது. துணியை அவிழ்த்தேன். சந்தன வாசம் அடித்தது. உள்ளே கிடந்தது, இரண்டாவது உலகப் போரில் பிரித்தானிய இராணுவம் சுவிசில் சொல்லிச் செய்வித்த கைமணிக்கூடு. வெள்ளைமுகம், பழுப்பேறிய இலக்கங்கள், வார் கோர்ப்பதற்குக் கழற்றமுடியாதபடி பொருத்திய கம்பிகள். நான் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேலிலை மட்டும் கைவைச்சுப் போடாதேங்கோ" என்றார் குணலட்சுமி அக்கா.

"என்ன வேல்?"

அவர் மணிக்கூட்டைக் கவிழ்த்துக் காட்டினார். பின்மூடி முழுக்கச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து படைபடையாக ஒட்டியிருந்தது. நடுவில் மட்டும் விரல்பட்டுப் பட்டுத் தேய்ந்த இடத்தில் மேல்நோக்கிய ஒரு கூர், இரண்டு பக்கமும் சரிந்த கோடு, கீழே ஒரு தண்டு. இணுவில் கந்தசுவாமி கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒருவருக்கு அது வேலாகத் தெரிவதில் பிழை சொல்லமுடியாது.

ஆனால் அது வேல் இல்லை, அம்பு. இங்கிலாந்து அரசாங்கம் தன் சொத்து எல்லாவற்றிலும் பொறித்த அடையாளம். துவக்கு, கூடாரம், தண்ணீர்ப் போத்தல், சிறைக்கைதியின் சட்டை, எல்லாவற்றிலும் அந்த அம்பு இருக்கும். இது அரசாங்கத்தின் பொருள், தொடாதே என்று அர்த்தம். இந்த அம்போடு வெளியாள் ஒருவரின் கையில் ஒரு மணிக்கூடு இருந்தால், பெரும்பாலும் அது களவு போனதாகத்தான் இருக்கும். இதையெல்லாம் அவருக்குச் சொல்ல நான் யார்? "எப்பிடி உங்களிட்டை வந்தது?" என்று மட்டும் கேட்டேன்.

அவருடைய தகப்பன் மார்க்கண்டுவுக்கு அப்போது இருபத்திரண்டு வயதாம். பலாலியில் வெள்ளைக்காரர் விமான ஓடுபாதை போட வந்த காலம். தோண்டின கிணறெல்லாம் உவர். மார்க்கண்டுதான் தன் தோட்டத்து நல்லதண்ணிக் கிணற்றைக் காட்டிக் கொடுத்து, இரண்டு வருடம் அவர்களுக்குத் தண்ணீர் இறைத்திருக்கிறார். போகும்போது வெள்ளைக்காரத் துரை தன் கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றிக் கொடுத்தாராம்.

"ஐயா முருக பக்தர். நெத்தி நிறைய விபூதி. அதைக் கண்டுதான் துரை வேல் பொறிச்சுக் குடுத்தவர். இருட்டிலை இலக்கமெல்லாம் பச்சையாய் எரியும். வேலின்ரை சக்தி எண்டு ஐயா சொல்லுவார். இப்ப எரியிறேல்லை."

"வயசு போட்டுது அக்கா" என்றேன்.

"எனக்குந்தான்" என்றார்.

பிறகுதான் திங்கட்கிழமைக் கதையைச் சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு ஆனியில், சண்டைக்குள் பலாலியிலிருந்து ஒரு பையோடும் இந்த மணிக்கூட்டோடும் வெளிக்கிட்டவர்கள். முப்பத்தைந்து வருடமாக இணுவிலில் வாடகை வீடு. கணவர் அங்கேயே காலமாகிவிட்டார். பக்கத்துக் காணிகளை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இராணுவம் விடுவித்துவிட்டது. இவருடைய ஆறு பரப்புக் காணி மட்டும் கம்பிவேலிக்குள்ளே கிடக்கிறது. திங்கட்கிழமை கச்சேரியில், அதுதான் மாவட்டச் செயலகத்தில், அதற்கு விசாரணை. தொண்ணூறில் பிடித்த காணியென்றால் திருப்பிக் கொடுப்பார்களாம். வெள்ளைக்காரன் காலத்திலேயே அரசாங்கம் சுவீகரித்த காணியென்றால் கொடுக்கமாட்டார்களாம். பழைய வரைபடம் அவர்களிடமும் இல்லை.

"கலியாணத்துக்கு ஐயா எனக்குக் காணியை எழுதித் தந்த சீதன உறுதி இருக்கு. எழுபத்தெட்டாம் ஆண்டு எழுதினது. ஆனால் அதுக்கு முந்தின அத்தாட்சி கேக்கிறாங்கள். அதுக்குத்தான் மணிக்கூடு. துரையே எங்கடை ஐயாவை மதிச்சவர், காணி எங்கடைதான் எண்டு இதைக் காட்டலாமெல்லே? இன்னுமொண்டும் இருக்கு."

கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். போன மாதம் கோவில் பூசைக்காக ஒருநாள் உள்ளே விட்டபோது எடுத்ததாம். பற்றைக்குள் முழங்கால் உயரத்தில் ஒரு கருங்கல். அதிலும் அதே கூர், அதே சரிந்த கோடுகள், அதே தண்டு. அன்று அப்பின சந்தனம் ஈரமாக இருந்தது.

"வேல்கல்லு. துரைதான் காணி மூலையிலை நட்டவர். காணிக்குப் பேரே வேல்கல்லடி. உறுதியிலையும் அப்பிடித்தான் கிடக்கு. காலமை எழும்பின உடனை இந்தப் படத்தைத்தான் கும்பிடுறனான்."

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தண்டின் இரண்டு பக்கமும், சந்தனத்துக்குக் கீழே, ஏதோ எழுத்து வெட்டியிருந்தது. இடப்பக்க எழுத்து பாதி தெரிந்தது. அது எனக்குத் தெரிந்த எழுத்து. யுத்தத் திணைக்களம் என்பதன் ஆங்கில முதல் எழுத்து. சுவிசில் முதலாளி காட்டிய படங்களில் இப்படிக் கல் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இராணுவம் எடுத்த நிலத்துக்கு எல்லையாக நடுகிற கல்.

"உங்கடை காணி கல்லுக்கு எந்தப் பக்கம் அக்கா?"

"ஓடுபாதைப் பக்கம்தான். கல்லிலையிருந்து உள்ளுக்கு ஆறு பரப்பு."

காணி வெள்ளைக்காரன் காலத்திலேயே எடுபட்டுவிட்டது என்பதற்கு இருக்கிற ஒரே அத்தாட்சியைத் தானே படமெடுத்து, தானே திங்கட்கிழமை விசாரணை மேசையில் கொண்டுபோய் வைக்கப்போகிறார் இந்த மனுசி. "சனிக்கிழமை வாங்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்குப் போய் மனைவி ஜெனிற்றாவிடம் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த மனுசி கும்பிடுறதை நீங்கள் ஏன் அம்பெண்டு சொல்லப்போறியள்? உங்களுக்கு வேற வேலை இல்லையோ?"

"சொல்லாட்டி திங்கக்கிழமை அவவே கொண்டுபோய்க் காட்டுவா. காணி போயிடும்."

அவள் மீன்தலையை நறுக்கி ஒருபக்கம் ஒதுக்கினாள். "அப்ப சொல்லத்தான் வேணும். நல்ல வேலைதான் படிச்சுக்கொண்டு வந்தியள் சுவிசிலையிருந்து" என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை. எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

புதன்கிழமை மணிக்கூட்டைப் பிரித்தேன். படையாகப் படிந்த தூசியும் காய்ந்த எண்ணெயுமாக இருந்தது, உடைந்தது ஒன்றுமில்லை. மார்க்கண்டு அதை நன்றாகத்தான் வைத்திருந்திருக்கிறார். ஒவ்வொரு சில்லாகக் கழற்றிக் கழுவி வைக்கும்போது, இந்தச் சாமான் மனிதனின் கைக்கு வந்துசேர்ந்த கதை எப்போதும்போல என் மண்டைக்குள் ஓடியது. வேலை செய்யும்போது அது தானாக ஓடும், நிறுத்தமுடியாது.

முதலில் கைமணிக்கூடு பெண்களின் நகை. ஆண்கள் சங்கிலி போட்டுச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார்கள். கையில் கட்டினால் மற்றவர்கள் பகிடி பண்ணுவார்கள். பிறகு தென்னாபிரிக்காவில் சண்டை வந்தது. குதிரைக் கடிவாளம் ஒரு கையில், துவக்கு மற்றக் கையில். பைக்குள் கைவிட்டு நேரம் பார்க்க ஏது வசதி? பைமணிக்கூட்டை ஒரு தோல் உறைக்குள் போட்டுக் கையில் கட்டினார்கள். முதலாம் உலகப் போர் வந்தபோது அதே பைமணிக்கூட்டின் இரண்டு பக்கமும் கம்பியை ஒட்டி வார் கோர்த்தார்கள். கண்ணாடி உடையாமல் மேலே தகரத்தில் ஒரு வலை. பீரங்கி எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு ஓயுமோ, அந்த நிமிடத்தில் பதுங்குகுழியிலிருந்து எல்லோரும் ஒன்றாக ஏறி ஓடவேண்டும். ஒன்றாகச் சாவதற்கு எல்லோருடைய கையிலும் ஒரே நேரம் தேவைப்பட்டது. திரும்பி வந்தவர்கள் அதைக் கழற்றவில்லை. அதற்குப் பிறகு ஒருவரும் பகிடி பண்ணவுமில்லை. இன்றைக்கு உலகத்தில் எல்லோரும் கையில் கட்டிக்கொண்டு திரிவது இந்தக் கதையைத்தான். நான் கட்டுவதில்லை.

இருட்டில் நேரம் தெரியவேண்டுமே என்று ரேடியம் கலந்த பச்சை மையை இலக்கங்களில் பூசினார்கள். பூசிய பெண்பிள்ளைகள் தூரிகையின் நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கிக் கூராக்கி, தாடையெலும்பு உக்கிச் செத்தார்கள். மார்க்கண்டு வேலின் சக்தி என்று சொன்னது இதைத்தான். வெளிச்சம் தருகிற பொடி இருபது முப்பது வருடத்தில் செத்துவிடும். நஞ்சு ஆயிரத்தறுநூறு வருடமானாலும் பாதிதான் குறையும். அதனால் முகத்தை நான் தொடவில்லை. கண்ணாடியை மட்டும் மாற்றி இறுக்கமாக மூடினேன்.

வியாழக்கிழமை பின்மூடி. வேலில் கைவைக்காதே என்று சொல்லியிருந்தார், ஆனால் மூடியின் விளிம்புவரைக்கும் சந்தனம் இறுகியிருந்தால் மூடி எப்படிப் பூட்டும்? வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய மரக்குச்சியால் மேல்பக்கத்தை மட்டும் கிளறினேன். எழுபது எண்பது வருடத்துச் சந்தனம் பக்குப் பக்காகக் கழன்றது. அதை வீசிவிட மனம் வரவில்லை, ஒரு கடதாசியில் மடித்து வைத்தேன். கழன்ற இடத்தில் இன்னொரு கூர் தெரிந்தது. கண்ணில் வில்லையைப் பொருத்திப் பார்த்தேன். இரண்டாவது அம்பு. தலைகீழாக, முதலாவது அம்பின் கூரைத் தன் கூரால் தொட்டுக்கொண்டு நின்றது.

என்னையறியாமல் கையெடுத்துச் சிலுவை போட்டேன். இரண்டு அம்பு கூரோடு கூர் முட்டினால், அரசாங்கம் தன் பொருளைச் சட்டப்படி விட்டுவிட்டது என்று அர்த்தம். இது இனி எங்களுடையதில்லை, வைத்திருப்பவருக்கே சொந்தம். அந்தத் துரை யாரோ, ஒழுங்கான மனிதன். சும்மா கழற்றிக் கொடுக்காமல், நாளைக்கு இந்தப் பொடியனை யாரும் கள்ளன் என்று பிடிக்கக்கூடாது என்று நினைத்து, பட்டறைக்குக் கொண்டுபோய் இரண்டாவது அம்பையும் அடிப்பித்துக் கொடுத்திருக்கிறான். மார்க்கண்டு குடும்பம் அதன்மேல் பக்தியோடு சந்தனத்தை அப்பி மூடிவிட்டது.

எனக்கு மார்க்கண்டுவை நினைக்கச் சந்தோசமாக இருந்தது. அந்தச் சந்தோசம் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. கல்லின் படம் ஞாபகம் வந்தது. அந்தக் கல்லில் அம்பின் கூருக்கு மேலே சந்தனம் அப்பாமல் துப்புரவாக இருந்தது. அதில் ஒரு அம்புதான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கே குணலட்சுமி அக்கா வந்துவிட்டார். மணிக்கூட்டைக் காதில் வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. "ஐயா சாவி குடுக்கேக்கை கேக்கிற அதே சத்தம்" என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பேச்சைத் தொடங்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. சுற்றிவளைக்கத் தெரியாத ஆள் நான், ஆகவே போட்டுடைத்தேன்.

"அக்கா, இது வேல் இல்லை. அம்பு. வெள்ளைக்கார அரசாங்கத்தின்ரை சொத்தெண்டு அடிக்கிற குறி. கல்லிலை இருக்கிறதும் அதுதான். கல்லுக்கு உள்ளை இருக்கிற நிலம் அரசாங்கம் எடுத்ததெண்டு காட்டத்தான் நட்டவை. அந்தப் படத்தைத் திங்கக்கிழமை காட்டினியள் எண்டால், நீங்களே காணியை எழுதிக் குடுத்த மாதிரி."

சந்தனம் மடித்த கடதாசியை அவர் பக்கம் தள்ளினேன். மூடியைக் கவிழ்த்து, வில்லையைக் கையில் கொடுத்து இரண்டாவது அம்பைக் காட்டினேன். அதன் அர்த்தத்தையும் சொன்னேன். நீண்டநேரம் பார்த்தார். கீழே போட்டோக்கொப்பி இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப மணிக்கூட்டை விடுவிச்சிட்டாங்கள்."

"ஓம்."

"காணியை விடுவிக்கேல்லை."

"கல்லிலை ஒரு அம்புதானே அக்கா கிடக்கு."

"சண்டை முடிஞ்சு அவங்கள் போயிட்டாங்கள். ஐயா திரும்பப் போய் வெங்காயம் போட்டவர். ஒருத்தரும் வந்து ஏன் எண்டு கேக்கேல்லை. அங்கைதான் நான் பிறந்தனான். அங்கைதான் எனக்குத் தாலி கட்டினது." வில்லையை மேசையில் வைத்தார். "மற்ற அம்பை ஆர் வெட்டவேணும்? கச்சேரியிலையோ?"

"வெட்டினவையே வெட்டவேணும். அவை போய் எண்பது வருசம்."

"உங்களிட்டை உளி இருக்குத்தானே. நீங்கள் வெட்டுவியளோ?"

எனக்குச் சுருக்கென்றது. இல்லாத குறியைப் புதிதாக அடித்து விற்பதுதான் எங்கள் தொழிலில் உள்ள பெரிய அயோக்கியத்தனம். "அது கள்ளவேலை அக்கா. வராத அம்பை நாங்கள் அடிக்கக்கூடாது."

"முதல் அம்பை வெட்டேக்கை ஐயாவைக் கேட்டோ வெட்டினவை?"

அவர் கோபப்படவில்லை. கேள்வியாகவே கேட்டார். பதில் சொல்லவேண்டியவர்கள் யாரும் அந்த அறையில் இல்லை.

அவர் மணிக்கூட்டைத் துணியில் முடிந்து பைக்குள் வைத்தார். விசாரணைக்குக் கொண்டுபோக மாட்டேன் என்றார். உறுதியை மட்டும் காட்டப்போகிறாராம்.

"உறுதியிலை காணியின்ரை பேர் வேல்கல்லடி எண்டு இருக்குமே" என்றேன்.

"வேல் எண்டுதானே கிடக்கு. அம்பெண்டு ஒருத்தரும் எழுதேல்லை. கல்லு அங்கை பத்தைக்குள்ளை நிக்குது. அவங்களாய்க் கண்டுபிடிச்சால் கண்டுபிடிக்கட்டும். நான் கொண்டுபோய்க் குடுக்கமாட்டன்."

எழுந்து படிவரைக்கும் போனவர் திரும்பி வந்து கைப்பேசியை நீட்டினார். கல்லின் படம் திறந்திருந்தது.

"இதை எப்பிடி அழிக்கிறதெண்டு எனக்குத் தெரியாது தம்பி. மகள்தான் எல்லாம் செய்து தந்தவள், அவள் லண்டனிலை."

"பேசாமல் வீட்டிலை வைச்சுக் கும்பிடுங்கோவன் அக்கா. ஆருக்கும் காட்டாட்டிச் சரிதானே."

"இல்லை. அங்கை போய் நிண்டு பயத்திலை எடுத்துக் காட்டிப் போடுவன். என்னை எனக்குத் தெரியும்."

வாங்கினேன். அழிக்கவா என்று கைப்பேசி கேட்டது. "கொஞ்சம் பொறுங்கோ" என்றார். என் கையிலிருந்த கைப்பேசிக்கு முன்னால், செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பி, கண்ணை மூடி ஏதோ சொல்லிக் கும்பிட்டார். எனக்கும் எழுந்து நிற்கவேண்டும்போல இருந்தது, நின்றேன். கண்ணைத் திறந்து செருப்பைப் போட்டார்.

"சரி" என்றார். "அழியுங்கோ."